வெள்ளைக்கோடு யாருக்கு?

அறுபதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களுக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது நான் மட்டும் தூங்குவதில்லை. மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் பாறை தோல் உரித்தது போலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நம் பள்ளித் தோழி ஒருத்தி, "பாறையில அப்பிடி என்னதான் இருக்குது உனக்கு?" என்று கேட்டாள். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற கதையில்லை. அதனால் நம்மோடு படித்த உங்கள் எல்லோருக்குமாக இங்கே சொல்கிறேன். மலைக்குத் தங்கம் தேடி ஜீப் வந்த வருஷம் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும்.

எங்கள் வீடு கரடியூரைத் தாண்டி, மலை சட்டென்று சரிகிற இடத்தில் இருந்தது. சாமையும் ராகியும் போட்டோம். சரிவில் கொஞ்சம் காப்பி, நாலு ஆரஞ்சு மரம். வீட்டுக்குப் பின்னால் மண்ணே இல்லாமல் ஒரு பாறை விரிந்து கிடந்தது. நம் பள்ளிக்கூட மைதானத்தில் பாதி இருக்கும். அதில்தான் கதிரடிப்பதும் காயவைப்பதும். களப்பாறை என்று பெயர். நிறம் முழுக் கறுப்புமில்லை, நீலமுமில்லை. உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போல மினுங்கும். பனிக்காலத்தில் மேகம் கலைந்து வெயில் வந்ததும் அது மெல்லச் சூடேறும். நானும் அக்காவும் அதில் குப்புறப் படுத்துக்கொள்வோம். வயிற்றுக்குக் கீழே பாறை இளஞ்சூடாக இருக்க, முதுகில் குளிர்காற்று போகும். அந்தச் சுகத்துக்கு நிகராக இன்று வரை எந்தக் கம்பளியும் வந்ததில்லை.

அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவர்கள் வீடு களப்பாறைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம். பாறையின் நடுவே தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு வெள்ளைக்கோடு ஓடியது. ஒரு முழ அகலம் இருக்கும். எங்கள் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்போமே, இரண்டை எடுத்து உரசினால் பொறி பறந்து கருகல் வாசனை வருமே, அந்த வெள்ளைக்கல். கறுப்புப் பாறைக்குள் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. தாத்தா போன பிறகு அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது அந்தக் கோட்டையே எல்லையாக வைத்துக்கொண்டார்கள். கோடு வரைக்கும் அண்ணனுக்கு, கோட்டிலிருந்து தம்பிக்கு. எல்லைக்கல் நடவில்லை. கதிரடிக்க மட்டும் பாறை முழுவதும் பொது.

எனக்கும் அக்காவுக்கும் ஒரு பவுடர் டப்பா இருந்தது. பாறை இடுக்குகளில் ஏடு ஏடாகப் பிரிந்து வரும் காக்காப்பொன்னைச் சேர்த்து அதில் போட்டு வைப்போம். வெயிலில் காட்டினால் கண் கூசும். "நம்ம ரெண்டு பேரு கல்யாணத்துக்கும் நகை இதுதான்" என்பாள் அக்கா. மூடியைத் திறந்தால் பவுடர் வாசனையும் மண் வாசனையும் சேர்ந்து வரும். அந்த டப்பா பிற்பாடு எங்கே போனது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. வீடு மாற்றிக் கட்டும்போது யாரோ குப்பை என்று வீசியிருக்க வேண்டும்.

சாமை அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் வந்தது. ஒரு டிரைவரும் ஓர் ஆபீசரும். பக்கத்து எஸ்டேட்டில் காலியாகக் கிடந்த காப்பி குடோனில் தங்கினார்கள். ஆபீசர் ஒல்லியாக, கழுத்தில் கயிறு கட்டிய சின்னப் பூதக்கண்ணாடியோடு, கையில் ஒரு பக்கம் கூரான சுத்தியலோடு இருந்தார். கல் ஆபீசர் என்று பெயர் வைத்துவிட்டோம். அவர் பாறையைத் தட்டுவது நாள் முழுக்கக் கேட்கும். கெட்டிப் பாறை மணி போலக் கணீரென்றது. உளுத்த இடம் சொத்தென்று சத்தம் போட்டது. பாறையின் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது காய்வதற்குள் மண்டியிட்டு உற்றுப் பார்ப்பார். சில சமயம் கல்லை நாக்கால் நக்கிவிட்டுக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார். எச்சில் பட்ட இடத்தில் கல்லின் நிறம் தெளிவாகத் தெரியும் என்பதற்காகத்தான் அது. எங்களுக்கு அது தெரியாதே. தங்கம் இனிக்குமாக்கும் என்று அக்கா சொன்னாள். நாங்களும் ஒரு கல்லை நக்கிப் பார்த்தோம். மண்ணாகத்தான் இருந்தது.

தங்கம் என்ற வார்த்தையை டீக்கடையில் அவிழ்த்துவிட்டது டிரைவர். மலைக்குக் கீழே ஏதோ ஓர் ஓடையில் அந்தக் காலத்தில் மணலை அரித்துத் தங்கம் எடுத்தார்களாம். அந்த மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்களாம். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு வெள்ளக்கடை ஊர் வரை போய்விட்டது.

மறுநாள் காலை களப்பாறையில் ஆபீசர் வேலை செய்துகொண்டிருந்தபோது பெரியப்பா பக்கத்தில் போய்க் குந்தினார்.

"ஏனுங்க சாரு, இந்தப் பாறையில தங்கம் இருக்குதுங்களா?"

"இருந்தா இந்த வெள்ளைக் கல்லுலதான் இருக்கும், பெரியவரே. இருக்கான்னு பாக்கத்தான் வந்திருக்கோம். அனேகமா இருக்காது."

பெரியப்பா முதல் வாக்கியத்தோடு எழுந்துவிட்டார். இந்தப் பக்கம் மாட்டுக்குத் தீவனமாகத் தட்டு போட்டுக்கொண்டிருந்த அப்பாவும் முதல் வாக்கியத்தைத்தான் கேட்டார்.

அன்று சோறு தின்னும்போது அப்பா திடீரென்று தலையை நிமிர்த்தினார். "கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனுக்கு, இந்தப் பக்கம் எனக்கு. அது சரி. கோடு ஆருக்கு?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கோடுங்க?"

"அந்த வெள்ளைக்கல்லு. ஒரு முழம் அகலம் இருக்குதே, அது ஆரு பங்கு?"

இத்தனை வருஷமாக அந்த வெள்ளையின் மேல் எங்கள் இரண்டு வீட்டு மாடுகளும் நடந்திருக்கின்றன, இரண்டு வீட்டுச் சாமையும் காய்ந்திருக்கிறது. அது யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட பிறகு வேறு பேச்சே இல்லை. பெரியப்பா, மூத்தவன் பக்கம்தான் எல்லை சேரும் என்றார். அப்பா, "கோடு வரைக்கும்னுதானே உனக்குப் பேச்சு? வரைக்கும்னா கோடு சேராது. கோட்டுல இருந்துன்னா கோடும் சேரும்" என்றார். அப்பா அப்படி வார்த்தையைப் பிடித்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இரண்டு நாள் குரல் உயர்ந்தது. மூன்றாம் நாள் பேச்சே நின்றுபோனது.

இருவரும் தனித்தனியாக ஆபீசரிடம் போனார்கள். அவர் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். பூமிக்குள் இருப்பது கவர்ன்மெண்ட் சமாசாரம், அது ஒருபுறம் இருக்கட்டும். இந்த வெள்ளைக்கல் கீழே போகப் போக மெலிந்து முடிந்துவிடுகிறது, இதில் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள் என்றார். அவர் கல்லைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி எடுத்துப் போவதை இருவரும் தினமும் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லாததையா ஒரு மனுஷன் பையில் போட்டுக் கட்டுவான்?

"நக்கிப் பாத்துட்டுப் பையில போட்டுக்கறான். நம்மகிட்ட வந்து ஒண்ணுமில்லைங்கறான். நொம்ப விவரமான ஆளு" என்றார் அப்பா. அந்தப் பக்கத்தில் பெரியப்பாவும் அதே வார்த்தைகளைச் சொன்னதாக அக்கா பிற்பாடு சொன்னாள். சண்டை நடந்த நாட்களிலும் அந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பிக்கு ஒற்றுமை இருந்தது. அதற்கப்புறம் ஆபீசர் தண்ணீர் கேட்டால் எங்கள் வீட்டில் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா கேணிக்கரையில் ஒரு குடத்தை மறந்துவிட்டது போல வைத்துவிட்டு வருவாள்.

சாமை அறுத்தாயிற்று. அதற்கு முந்தைய வருஷம் வரை களப்பாறையில் கதிரைப் பரப்பி, இரண்டு வீட்டு மாடுகளையும் ஒன்றாகப் பிணைத்து, பாறை முழுக்க வட்டமாகச் சுற்றவிடுவோம். அந்த வருஷம் ஆளுக்குப் பாதிப் பாறை. மாட்டுக்கு எல்லை தெரியுமா? வட்டம் சுற்றிப் பழகிய மாடு கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலை வைக்கும். அப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பார். அது மிரண்டு நிற்கும். அந்தப் பாதியில் பெரியப்பாவும் அதே மாதிரி இழுத்துக்கொண்டிருப்பார். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்போம். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கண் சிமிட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

தூற்றும் அன்றைக்குத்தான் வெடித்தது. அப்பா முறத்தை உயர்த்தித் தூற்றினார். தூசும் சருகும் காற்றில் ஏறி நேராகப் போய்ப் பெரியப்பாவின் சுத்தமான சாமைக் குவியலில் இறங்கின.

"உன்ற தூசியெல்லாம் என்ற சாமையில கொட்டறியே, கண்ணு தெரியலயா?"

"காத்து என்ன எனக்குச் சொந்தமா? அதையும் வேணுன்னா பிரிச்சுக்கலாம்!"

பெரியப்பா கையிலிருந்த முறத்தை வீசினார். யார் மேலும் படவில்லை. பாறையில் உருண்டு போய்க் கோட்டின் மேலேயே விழுந்தது. அதை எடுக்க இரண்டு பேருமே வரவில்லை. அன்று முழுக்க அந்த முறம் வெள்ளைக்கோட்டின் மேல் கவிழ்ந்தே கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா அழுதே விட்டாள்.

அந்தச் சமயத்தில் அடிவாரத்தில் ஒரு சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. அப்பா வரவில்லை. பெரியப்பாவும் அங்கே வருவாரோ என்று பயம். நானும் அம்மாவும் மட்டும் போனோம். திரும்பி வரும்போது ஒரு வளைவில் பஸ் ஏற முடியாமல் நின்றுவிட்டது. முன்னால் புகையாக ஆவி வந்தது. எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்.

சாலையோரம் மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். சுவர் மாதிரி நின்றது. நான் சும்மா நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புப் பாறைக்குள்ளே ஒரு வெள்ளைக்கல். மேலே புல் தொடங்கும் இடத்திலிருந்து கீழே சாலைக் கால்வாய் வரை, நேராக இறங்காமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருந்தது. எங்கள் களப்பாறையில் படுத்திருக்கும் அதே கல். ஆனால் இங்கே அது கோடாக இல்லை.

"அம்மா, இதையப் பாரு. மேல ஏறி நின்னு பாத்தா இது நம்ம பாறையில இருக்கிற மாதிரி வெறுங்கோடாத்தானே தெரியும்?"

அம்மா முதலில் பஸ்ஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகுதான் பாறையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். காதுகுத்து வீட்டில் கொடுத்த சேலை மடித்தபடி அவள் கையில் இருந்தது. அதன் மடிப்பை விரலால் நீவினாள்.

"பெட்டிக்குள்ள அடுக்கி வெச்ச சேலையாட்டம் இருக்குது. மேல பாத்தா விளிம்பு மட்டுந்தான். சேலை உள்ள இருக்குது."

"அப்பன்னா நம்மளுது உள்ள எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

அம்மா சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தண்ணீர் வந்து, பஸ் உறுமி, எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு என் காதில் மட்டும் சொன்னாள்: "உங்கப்பங்கிட்ட இதையச் சொல்லாதே கண்ணு. மேல இருக்கிற ஒரு முழத்துக்கே இந்தச் சண்டை. உள்ள சாஞ்சிருக்கறதுக்கும் சேத்துப் பிடிச்சா ஊடு தாங்காது."

சொல்லாமல் விட்டிருந்தால் அம்மா அம்மாவாக இருக்க முடியாது. அப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடைக்குத் துணி துவைக்கப் போய்ப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஆண்கள் பேசாமல் இருந்த அத்தனை நாளும் அவர்கள் இருவரும் ஒரே கல்லில்தான் துவைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நம்ம பாறை கீழ போயி முடியற எடத்துல ஒரு செவுரு இருக்குதில்ல?" என்றாள் பெரியம்மா. "உண்ணிச்செடி மூடிக் கெடக்குதே. அங்க போய்ப் பாத்தா அது எப்பிடி இறங்குதுன்னு தெரிஞ்சிராதா?"

களப்பாறையின் கால்மாட்டில் பாறை சட்டென்று முடிந்து, ஓர் ஆள் கை தூக்கினால் எட்டும் உயரத்துக்குச் சுவராகக் கீழே இறங்கும். பாம்பு இருக்கும் என்று எங்களை அந்தப் பக்கம் விட்டதேயில்லை. விறகுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அம்மா, பெரியம்மா, அக்கா, நான், நாலு பேரும் கொடுவாளோடும் இரண்டு குடம் தண்ணீரோடும் போனோம். விறகுக்குப் போகிறவர்களுக்கு எதற்குத் தண்ணீர்க் குடம் என்று யாரும் கேட்கவில்லை.

உண்ணிச்செடியை வெட்டினோம். அதன் வாசனை கையிலிருந்து இரண்டு நாள் போகவில்லை. பாறைச் சுவர் முழுக்கப் பச்சைப்பாசி மெத்தை மாதிரி பிடித்திருந்தது. பெரியம்மா தேங்காய் நாரால் தேய்க்க, அம்மா தண்ணீர் ஊற்றினாள். முதலில் உச்சியில் வெள்ளை தெரிந்தது. மேலே இருந்த அதே ஒரு முழம். இன்னும் கொஞ்சம் தேய்த்தார்கள். வெள்ளை எங்கள் பக்கமாகச் சாய்ந்தது.

பெரியம்மாவின் கை நின்றது. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தைச் சாய்த்தபடியே நின்றாள். தண்ணீர் வீணாக வழிந்தது.

"தேயிக்கா" என்றாள் அம்மா கடைசியில். "பாதியில விட்டா பயமாத்தான் இருக்கும். முழுசாப் பாத்துரலாம்."

பெரியம்மா தேய்த்தாள். வெள்ளை ஒரு சாண் ஆயிற்று. பிறகு நாலு விரல். அங்கே அது மனசு மாறியது போலத் திரும்பிப் பெரியப்பா பக்கம் சாய்ந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். இன்னும் கீழே ஒரு விரல் அகலம். பிறகு நூல். என் இடுப்பு உயரத்தில் நூலும் அறுந்து, அதற்குக் கீழே வெறும் கறுப்புப் பாறை. அம்மா மிச்சத் தண்ணீரை எல்லாம் கொட்டி அடிவரை தேய்த்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அந்த நூல் முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் கல்லில் புதிதாகச் சில்லு பெயர்த்த தடம் இருந்தது. சிவப்புப் பெயிண்டில் ஒரு சின்ன அடையாளம். கல் ஆபீசர் முன்பே ஓரமாக நுழைந்து வந்து, முட்கீறல் பட்டு, பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பார்த்ததைத்தான் இரண்டு பேரிடமும் சொன்னார். நாங்கள்தான் அந்த மனுஷனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

பெரியம்மா அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "இதுக்காடீ என்ற மொறத்தைத் தூக்கி வீசினாரு? புது மொறம்!" அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. எங்களுக்கும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

ஆனால் ஆண்களிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், நீ எதுக்கு அவகூடப் போனே என்றுதான் முதல் கேள்வி வரும். பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவிடம், "ஏனுங்க, கன்னுக்குட்டி பாறைக்குக் கீழ இறங்கிருச்சாட்டம் இருக்குது, கத்தற சத்தம் கேக்குது" என்றாள். அந்த வீட்டில் பெரியம்மாவும் அதே மாதிரி ஒரு கன்றுக்குட்டியைக் கீழே இறக்கினாள். நானும் அக்காவும் களப்பாறையின் விளிம்பில் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டோம்.

அப்பா ஒரு பக்கமிருந்து வந்தார். பெரியப்பா மறுபக்கமிருந்து வந்தார். கன்றுக்குட்டி இல்லை. வெட்டிச் சாய்த்த உண்ணிச்செடிக்கு நடுவில், இன்னும் ஈரம் காயாத கறுப்புச் சுவரில், வெள்ளை பளீரென்று தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பாறையைத்தான் பார்த்தார்கள். உச்சியிலிருந்து கண்ணை இறக்கிக்கொண்டே வந்தார்கள். பெரியப்பா குனிந்து நூல் முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"முடிஞ்சு போச்சே தம்பி" என்றார்.

அப்பாவும் பக்கத்தில் வந்து குனிந்தார். பிறகு, "அந்த ஆளு இதையத்தான் சொன்னாருங்ணா" என்றார்.

"எங்கிட்டயும் சொன்னாரு."

"நாந்தான் நம்பலை."

"நான் மட்டும் நம்பினனாக்கும்?"

மேலே படுத்திருந்த எங்களுக்கு மூச்சு விடவே பயம். அப்பா பெயிண்ட் அடையாளத்தைத் தொட்டுப் பார்த்தார். பெரியப்பா தலையில் சிக்கியிருந்த உண்ணிமுள்ளை எடுத்துப் போட்டார். அவர் தலையிலிருந்தல்ல, அப்பா தலையிலிருந்து. அதன் பிறகு இருவரும் ஒரே பக்கமாக மேலே ஏறி வந்தார்கள்.

அந்தப் பாறைதான் அவர்களைச் சேர்த்து வைத்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் அம்மாவிடம் அப்படிச் சொன்னேன். அவள் பயறு புடைத்துக்கொண்டே சொன்னாள்: "பாறை என்ன பண்ணுச்சு? ரெண்டு பேரும் சண்டைய விடறதுக்கு ஒரு சாக்குத் தேடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. தானா வந்து பேசறதுக்கு வெக்கம். அந்தக் கல்லு நூலா முடியாம எங்கயாச்சும் சாஞ்சிருந்தாலும் வேற ஒரு சாக்குக் கெடச்சிருக்கும்." இருக்கலாம். ஆனால் அது எங்கள் பக்கம் சாய்ந்தபோது பெரியம்மாவின் கை நின்றதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அதைப் பற்றி அவள் கடைசி வரை பேசவில்லை.

சாமை முடிந்து ராகி வந்தது. மாடுகளை மறுபடியும் ஒன்றாகப் பிணைத்தோம். ஜீப் அதற்குள் போய்விட்டிருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் குடோனுக்குப் போய்ப் பார்த்தபோது கதவு பூட்டியிருந்ததாம். இரண்டு பேரும் ஒரு கூடை ஆரஞ்சோடு போனவர்கள் அதைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனது அப்பாவை உறுத்தியது. சாப்பிடும்போதெல்லாம், "எந்த ஊருன்னுகூடக் கேக்காமப் போயிட்டமே" என்பார்.

ராகிக் கதிர் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பாதை வளைவில் ஓர் ஆள் வியர்க்க விறுவிறுக்க ஏறி வருவது தெரிந்தது. சுத்தியல் இல்லை, கண்ணாடி இல்லை. ஜீப்பும் இல்லை. பஸ்ஸில் வந்து, இறங்கிய இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அக்காதான் முதலில் அடையாளம் கண்டாள். "கல் ஆபீசரு!"

அப்பா மாட்டை நிறுத்திவிட்டு ஓடினார். பெரியப்பா துண்டை உதறிப் பாறையில் விரித்தார். யாரும் கேட்கும் முன்பே அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே முழுச் சொம்பையும் குடித்தார்.

"கல்லைப் பரிசோதனை பண்ணிப் பாத்தாச்சு. ரிசல்ட் வந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்கள்ல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சேலத்துக்கு வேற வேலையா வந்தேன். கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாமப் போனா மனசு கேக்கலை." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தங்கம் இருக்கு. ஆனா இருக்குன்னு சொல்ல முடியாத அளவுக்கு இருக்கு. இந்தப் பாறை மொத்தத்தையும் பொடிச்சு அரிச்சாலும் பாப்பாவுக்கு ஒரு மூக்குத்திக்குப் பத்தாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா பாறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ராகி, வைக்கோல், மாடு, நாங்கள் எல்லோரும் அதன் மேல்தான் இருந்தோம்.

"பொடிச்சுட்டா அப்பறம் ராகியை எங்கீங்க அடிக்கறது?" என்றார்.

ஆபீசர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சின்ன வயசு முகம். இன்று என் மகனைவிடவும் சின்னவனாக நினைவில் தெரிகிறார். தஞ்சாவூர்ப் பக்கமாம். ஊரில் கல் என்று ஒன்றைப் பார்க்கவே முடியாதாம், தோண்டத் தோண்ட வண்டல் மண்தானாம். அதனால்தான் கல் மேல் இப்படி ஆசை வந்ததாம். இதையெல்லாம் அவர் சாப்பிடும்போது சொன்னார். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். இரண்டு வீட்டிலிருந்தும் வந்தது. அம்மா போடப் போட, அவர் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் போலச் சாப்பிட்டார். ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் பெரியப்பாவும் உட்கார்ந்து அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்கிறேன் என்று பாறையில் துண்டின் மேல் படுத்தவர் அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பு நீண்ட நடையில் ஒரு பக்கம் வார் அறுந்து கிடந்தது. பெரியப்பா அதை எடுத்துப் போய்ச் சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே வைத்தார்.

மீதிக் கதிர் அடிக்க வேண்டியிருந்தது. மாடு சுற்றினால் சலங்கை குலுங்கும். அப்பா மாடுகளின் கழுத்துச் சலங்கையை ஒவ்வொன்றாக அவிழ்த்து வைக்கோலுக்குள் வைத்தார். அப்புறமும் மாட்டை ஓட்ட மனசு வரவில்லை. இரண்டு பேரும் வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மலையே அதிரப் பேசுகிற அண்ணனும் தம்பியும் அன்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

"பஸ்ஸுக்கு எழுப்போணுமே தம்பி."

"இன்னுங் கொஞ்ச நேரம் தூங்கட்டுங்ணா. பொறவு நானே கூட்டிட்டுப் போயி ஏத்தி உட்டுட்டு வர்றேன்."

"நானும் வர்றேன்."

வெயில் இறங்கியது. வைக்கோல் போரின் நிழல் அவர் முகத்தை விட்டு நகரத் தொடங்கியதும் பெரியம்மா சத்தமில்லாமல் வந்து ஒரு முறத்தைத் தலைமாட்டில் நிறுத்தி வைத்தாள். காற்றில் அது சாயாமல் இருக்க, நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.